சாமியார்பேட்டையில் மூன்று அறைகள்

அருள்,

இடம் கிடைத்துவிட்டது! கடலே கிடைத்துவிட்டது என்று எழுத வந்தேன், அவ்வளவு அவசரம் கைக்கு. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். நானும் உன் அப்பாவும் இத்தனை நாள் வெயிலில் ஸ்கூட்டரில் சுற்றிய கதையை அப்படி அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்வாதிக்குத் தமிழ் பேச வந்த அளவுக்குப் படிக்க வரவில்லை, நீதான் படித்துக் காட்ட வேண்டும். நடுவில் எதையும் முழுங்காமல் படி. எந்த இடத்தை அவளுக்குப் படிக்கக் கூடாது என்று நானே சொல்கிறேன்.

நீ அன்றைக்குக் கூப்பிட்டபோது கிரைண்டரில் உளுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. "அம்மா, லீவு கெடச்சிடுச்சி. ஸ்வாதியோட அப்பா அம்மாவும் எங்ககூட வர்றாங்க. அவுங்க இதுவரைக்கும் கடலே பாத்ததில்லியாம்" என்றாய். எனக்கு இருந்த சந்தோஷத்தில் கிரைண்டரை நிறுத்தவே மறந்துவிட்டேன். கல்யாணம் ஐதராபாத்தில் நடந்ததால் சம்பந்தி வீட்டார் நம் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. நிஜாமாபாத்திலிருந்து முதல் தடவையாக வருகிறார்கள்! பாயசத்துக்குப் பண்ருட்டி முந்திரி வாங்க மனசுக்குள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே விட்டேன். அப்போதுதான் நீ தலையில் கல்லைப் போட்டாய். "வீட்ல வேணாம்மா. கடல ஒட்டி நல்ல எடமா நீயே பாத்து வெய்யி. மூணு ரூம். கீழ்த்தளமா இருக்கணும், அத்தைக்கு முட்டி வலி. நெட்ல போட்டோவப் பாத்துக் கோவாவுல ஏமாந்தது போதும். ஒங்கண்ணுக்கு எதுவும் தப்பாது, வார்டனம்மா."

உன் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போனை வைத்ததும் ஆரம்பித்தார் பார். "பொண்ணு குடுத்தவங்க மொத தடவ வர்றாங்க. அவுங்கள லாட்ஜ்ல தங்க வெச்சா திருப்பாப்புலியூரே சிரிக்கும்டி. படுக்கப் பாய் கூட இல்லாத வூடான்னு கேப்பான்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. இந்த ஊரில் சொந்தக்காரன் லாட்ஜில் தங்கினான் என்றால் ஒன்று வீட்டில் சண்டை, இல்லையென்றால் வீட்டுக்காரி சரியில்லை. இரண்டாவதைத்தான் முதலில் சொல்வார்கள்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஊர் சிரிக்குமே என்ற வருத்தம் இல்லை அது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், வண்டி போனால் அலமாரிப் பாத்திரமெல்லாம் கிணுகிணுக்கிற வீடு. இரண்டு அறை, ஒரு குளியலறை. அந்தக் குளியலறைக்கும் அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும். இதைப் பார்த்து என் பிள்ளைக்குக் கூச்சம் வந்துவிட்டதோ, பெண்டாட்டி வீட்டாருக்குக் காட்டவே சங்கடப்படுகிறானோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. அது நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்டு நீ "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வேன்? அதனால் கேட்கவில்லை. "சரிப்பா, பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் நீ கெட்டிக்காரன்டா. கடைசியில் வார்டனம்மா என்று ஒரு வார்த்தை சொன்னாய் பார், அதில்தான் நான் விழுந்தேன். சிதம்பரத்தில் அந்தப் பெண்கள் விடுதியில் வருஷா வருஷம் எத்தனை பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கியிருக்கிறேன்! ஜன்னல் வேண்டும் என்று அழுவாள் ஒருத்தி, குளியலறை பக்கத்தில் வேண்டாம் என்பாள் இன்னொருத்தி, கூட இருக்கிறவள் மூச்சு விடுகிற சத்தம் பிடிக்கவில்லை என்று கூட ஒருத்தி வந்து நின்றிருக்கிறாள். அறையைப் பார்த்தாலே அதன் ஜாதகம் எனக்குத் தெரிந்துவிடும். நீயும் கற்றுக்கொள், இனிமேல் ஊர் ஊராகப் போகப் போகிறவன். சுவரில் மாட்டிய படத்தையும் டிவியின் அகலத்தையும் பார்த்து மயங்காதே. போனதும் குளியலறைக் குழாயைத் திற. முதலில் வருகிற தண்ணீரின் நிறத்தைப் பார். பிறகு உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டுப் பார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேள். அந்த அறையில் உன்னால் தூங்க முடியுமா என்று அறையே சொல்லிவிடும். மூன்றாவதுதான் உன் அப்பாவுக்கு வரவே வராது. கட்டிலில் உட்கார்ந்த உடனே மேனேஜரிடம் எந்த ஊர், என்ன பிள்ளைகள் என்று ஆரம்பித்துவிடுவார்.

முதலில் பாண்டிச்சேரி ரோட்டில் ஒரு ரிசார்ட்டுக்குப் போனோம். வாசலிலேயே ஒரு பெண் வெல்கம் டிரிங்க் என்று பச்சையாக ஏதோ கொடுத்தாள். உன் அப்பா அதைக் குடித்துவிட்டு, "துளசியா, சோப்பா?" என்று என் காதில் கேட்டார். அறை என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. சீ வியூ என்றார்கள். எங்கே என்று தேடினேன். பால்கனியின் கடைசி மூலையில் நின்று கழுத்தை நீட்டினால் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு முழம் நீலம் தெரிந்தது. சம்பந்தி ஊரிலிருந்து வந்து இந்த ஒரு முழத்தைப் பார்க்கவா? அதுகூடப் போகட்டும். குளியலறைக்குச் சுவரே இல்லை, கண்ணாடி! கட்டிலில் படுத்திருப்பவர் குளிப்பவரை முழுசாகப் பார்க்கலாம். "இதுல எப்புடிங்க குளிக்கிறது?" என்று கேட்டார் உன் அப்பா. "ஸ்கிரீன் இருக்கு சார், எறக்கிக்கலாம்" என்றான் அந்தத் தம்பி. "எறக்குறதுக்கு எதுக்குப்பா கண்ணாடி? செவுரே கட்டியிருக்கலாமே?" என்றார் இவர். சம்பந்தியம்மாவை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நினைத்துப் பார்த்தேன், வண்டி ஏறுகிற வரைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த இடத்தை ஸ்வாதிக்குப் படிக்காதே.

அடுத்து தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சை ஒட்டி ஒரு இடம். கடல் எதிரிலேயே இருந்தது. சாயங்காலம் சுண்டலும் மீன் வறுவலுமாகச் சம்பந்தியை அழைத்துப் போகிற மாதிரிகூட யோசித்துவிட்டேன். தாழ்ப்பாள் மட்டும் உப்புக் காற்றில் துருவேறி விழ மறுத்தது. மாற்றித் தருகிறோம் என்றார்கள். தேதியைச் சொல்லி முன்பணம் எடுக்கப் போன நேரத்தில் போன் வந்தது. சிதம்பரத்திலிருந்து உன் தேவா மாமா. என் தம்பிக்கு மூக்கில் வியர்த்துவிடும் போலிருக்கிறது. தேதியைக் கேட்டதுமே கத்தினான். "யக்கா, ஒனக்கு என்னா ஆச்சி? அன்னிக்கி மாசி மகம்க்கா! சுத்துப்பட்டு சாமியெல்லாம் அங்கதான் தீர்த்தவாரிக்கு வரும். ரோட்ல எள்ளு போட்டா எள்ளு வுழாது. அந்தம்மா முட்டிய வெச்சிக்கிட்டு எப்புடி உள்ள வரும்?"

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் மாசி மகத்தை மறப்பாளா? மறந்துவிட்டேன். எனக்கு அந்த மாசம் என்றால் தவக்காலம், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, வீட்டில் கறி கிடையாது. என் காலண்டரில் அவ்வளவுதான் இருந்தது. சம்பந்தி வருகிற நேரத்தில் கறி செய்ய முடியாதே, நல்லவேளை மீனுக்குத் தடையில்லை என்று அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்கோ ஆபீஸ் காலண்டரைத் தவிர வேறு காலண்டர் தெரியாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து, கடலையே பார்த்திராத மனுஷியை அவ்வளவு கூட்டத்துக்குள் கொண்டுபோய் விடப் பார்த்தோம்.

தேவா உடனே ஒரு யோசனை வைத்திருந்தான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவனுக்குத் தெரிந்த லாட்ஜ். மறுநாள் நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கியதும் தன் ஆட்டோவில் எங்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினான். சும்மா சொல்லக் கூடாது, படு சுத்தம். தண்ணீர் பளிங்கு. தாழ்ப்பாள் 'டக்' என்று விழுந்தது. கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு பஸ் கடலூர் என்று கத்தியது, இன்னொரு பஸ் சீர்காழி என்று கத்தியது. "கோயிலும் பாத்தாப்ல ஆச்சி, பிச்சாவரமும் கிட்டக்க" என்று அவன் விடாமல் பேசினான். "கடலு பாக்க வர்றவங்கள பஸ் ஸ்டாண்டு பாக்க வெக்கிறியாடா?" என்றேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனாலும் எங்களைச் சும்மா அனுப்பாமல், வெயிலோடு வெயிலாகப் பரங்கிப்பேட்டை வழியாகத் திருப்பி, கடலை ஒட்டியே சாமியார்பேட்டைக்குக் கொண்டுவந்தான்.

அங்கே போனதைச் சொல்வதற்கு முன்னால் வேறு ஒன்று சொல்ல வேண்டும். போகிற வழியெல்லாம் எனக்கு அந்தத் தாழ்ப்பாள் நினைப்புத்தான். ஏன் நான் எல்லா அறையிலும் தாழ்ப்பாளையே போட்டுப் பார்க்கிறேன்? எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் உன் தாத்தா வீட்டில் எங்களுக்கென்று இருந்த இடத்துக்குக் கதவு கிடையாது, சேலையைக் கிழித்துக் கட்டிய திரைதான். காற்று அடித்தால் அது பாட்டுக்குப் பறக்கும். கல்யாணம் முடிந்த கையோடு வேளாங்கண்ணிக்கு வேன் வைத்துக் குடும்பத்தோடு போனோம். அதுதான் எங்கள் ஹனிமூன். பெரிய ஹாலில் பெண்களெல்லாம் ஒரு பக்கம், ஆண்களெல்லாம் ஒரு பக்கம் படுத்தோம். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே, அலைச் சத்தம் கேட்குமா என்று காதைக் கொடுத்தேன். உன் பெரியப்பாவின் குறட்டைதான் கேட்டது. அதற்குப் பிறகு நீ பிறந்தாய், வேலை, விடுதி, வீடு. கடலூரில் இத்தனை வருஷம் இருக்கிறோம், சாயங்காலம் பீச்சுக்குப் போவோம், இருட்டினால் வீட்டுக்கு வந்துவிடுவோம். கடல் சத்தத்தில் ஒரு நாள் படுத்து எழுந்தது கிடையாது. வீடு இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது அங்கே போய் எதற்கு யாராவது படுப்பார்கள்?

இதை யோசித்தபோதுதான் உன் மேல் இருந்த வருத்தத்தில் பாதி கரைந்தது. புதுசாகக் கல்யாணம் ஆன பிள்ளைகள். நம் வீட்டில் உன் அறைத் தாழ்ப்பாள் நீ பிளஸ் டூ படிக்கும்போது உடைந்தது, இன்னும் சரி செய்யவில்லை. உங்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் மீதிப் பாதி அப்படியேதான் இருந்தது. சம்பந்தியையாவது வீட்டில் தங்க வைத்திருக்கலாமே, அவர்களையும் ஏன் வெளியே என்கிறான் என்று.

சாமியார்பேட்டையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் சவுக்குத் தோப்பு. அதைத் தாண்டி, வரிசையாக ஓடு போட்ட அறைகள். எல்லாம் கீழ்த்தளம், ஒரு படிகூட இல்லை. அருள், நான் உனக்கு எப்படிச் சொல்வேன்! ஆட்டோவை அணைத்ததும் கடல் கேட்டது. தெரியவில்லை, கேட்டது. அறைகளை நடத்துகிற வசந்தா என்ற பெண்மணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவைத் திறந்துவிட்டாள். குழாயில் முதலில் வந்த தண்ணீரே தெளிவு. கொஞ்சம் உப்புக் கரிக்கிறது என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள், குடிக்கத் தனியாக கேன் தண்ணீர் உண்டாம். உண்மையைச் சொல்கிறவள், அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. டிவி இல்லை. கடைசி அறையில் ஜன்னலைத் திறந்தேன். நேர் எதிரே, நடுவில் ஒரு வேலிகூட இல்லாமல், மணலும் அதற்கப்பால் கடலும். கட்டிலில் உட்கார்ந்து வாயை மூடினேன். உன் அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதிசயம், அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வசந்தாதான் பேசினாள். "மூணு ரூமும் ஒரே வரிசையில தந்துடறேங்க. மகன் மருமக ஒண்ணு, சம்பந்தி ஒண்ணு. மூணாவது யாருக்குங்க?" எனக்குத் தெரியவில்லை! ஸ்வாதியின் சித்தப்பாவோ யாரோ கூட வருகிறார்கள் போல என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். வார்டனாக இருந்த மொத்தக் காலத்தில் யாருக்கு என்று தெரியாமல் நான் ஒரு அறையைப் பிடித்ததே இல்லை. மானம் போகிறதே என்று அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதை உனக்கே எழுதுகிறேன், ஸ்வாதிக்கும் தெரியட்டும்.

"மூணாவது ரூம் யாருக்குடா?"

"யாருக்குன்னா? ஒனக்கும் அப்பாவுக்கும்தாம்மா."

"எங்களுக்கு எதுக்குடா? வூடு இருக்குல்ல?"

"அதான்மா பிரச்சனையே. வீட்ல தங்குனா நீ அடுப்படிய விட்டு வெளியவே வர மாட்ட. கல்யாணத்துலயே பாத்தோமே, வந்தவங்கள கவனிக்கிறதுலயே நின்னுட்ட. ஸ்வாதி ஒங்கிட்ட உக்காந்து பத்து வார்த்த பேசல. அவதாம்மா சொன்னா, அத்தைய வீட்டுக்கு வெளிய கொண்டாந்தாதான் நமக்குக் கெடைப்பாங்கன்னு."

போனைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வசந்தாவுக்கு ஒன்றும் புரியாமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வீட்டைப் பார்த்து நீ கூசவில்லை! நான்தான் இத்தனை நாளாக இல்லாத முள்ளைக் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். விருந்து என்றால் பரிமாறுகிறவள் நான் என்றே பழகிப்போனதில், எனக்கும் ஒரு இலை போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்வாதியிடம் சொல், அத்தைக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது என்று. இந்த வரியை இரண்டு தடவை படி.

உன் அப்பாதான் மறுபடியும் முறுக்கிக்கொண்டார். "வூட்டப் பூட்டிட்டு சொந்த ஊர்லயே வாடகைக்கு ரூம் போட்டுப் படுக்குறதா? கேக்கறவன் என்னா சொல்லுவான்?" என்று தோப்பில் போய் நின்றுவிட்டார். தேவா விடவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தான். "மாமா, நான் ஒண்ணு கேக்கறேன். ஸ்ரீமுஷ்ணத்துல பெருமாளுக்குக் கோயில் எம்மாம் பெருசு? அவரே வருஷத்துக்கு ஒரு வாட்டி அதப் பூட்டிட்டு மாசி மகத்துக்குக் கடலு பாக்க கிள்ளைக்குக் கெளம்பி வர்றாரு. வர்ற வழியெல்லாம் ஊரு ஊரா தங்கித் தங்கித்தான் வர்றாரு. அவரு என்னா வூடு வாசல் இல்லாதவரா?" உன் அப்பா திரும்பி வந்து, "மச்சான், நீ கோயிலுக்கும் போறதில்ல, சர்ச்சுக்கும் போறதில்ல, பேச்சு மட்டும் நல்லா பேசுற" என்றார். சம்மதம் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டார். நீங்கள் வர இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

இப்போது ஏற்பாட்டைக் கேள். மாசி மகத்தன்று காலையில் தேவா உங்கள் நாலு பேரையும் கிள்ளைக்கு அழைத்துப் போவான். சம்பந்தியம்மா பெருமாள் பக்தை என்று ஸ்வாதி சொல்லியிருக்கிறாள். கடலுக்கு வந்த இடத்தில் பெருமாளும் எதிரே வந்து நிற்கப் போகிறார், இது தெரியாமலேயே நீ தேதி போட்டிருக்கிறாய், உன் அதிர்ஷ்டம்! கூட்டம் நெருக்காத இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார வைப்பது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டான். மறுநாள் பிச்சாவரத்தில் படகு. வந்து இறங்குகிற அன்று மத்தியானச் சாப்பாடு மட்டும் நம் வீட்டில். இதில் பேரம் கிடையாது. வஞ்சிரம் வறுவல், நண்டு, சம்பந்தியம்மாவுக்குத் தனி அடுப்பில் சைவம், எல்லாருக்கும் முந்திரிப் பாயசம். குளியலறைக்கு அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும், போகட்டும். நாலு மணிக்கு நானே வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு உங்களோடு வண்டியில் ஏறிவிடுவேன்.

அறை ஒதுக்கீடும் முடிந்துவிட்டது. வாசலிலிருந்து முதல் அறை உனக்கும் ஸ்வாதிக்கும். சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நடு அறை சம்பந்திக்கு, அந்தம்மா அதிகம் நடக்க வேண்டாம். விடுதியில் ஜன்னல் அறை கேட்டு எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள், நான் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. முதல் தடவையாகக் காட்டியிருக்கிறேன், எனக்கே. கடலைப் பார்த்த அந்தக் கடைசி அறை உன் அப்பாவுக்கும் எனக்கும். அதன் தாழ்ப்பாளை நானே உள்ளே நின்று போட்டுப் பார்த்துவிட்டேன், நன்றாக விழுகிறது. காலையில் நானாகத் திறக்கிற வரைக்கும் காபி வேண்டும் என்று வந்து யாரும் கதவைத் தட்டக் கூடாது.

அம்மா